படகுப் பட்டறை: நடுக்கடலில் நிற்கும் இயந்திரமும் ‘டக்’ என்று மட்டும் சொல்லும் ஸ்டார்ட்டரும்

மலாக்கா நீரிணையில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்குக் காற்றை நம்பி நாள் குறிக்க முடியாது. பகலெல்லாம் இலை அசையாது; விடியற்காலையில் சுமத்ராக் காற்று திடீரென்று வந்து அடித்துவிட்டுப் போகும். ஆகவே பாய் கட்டிய படகிலும் சின்ன டீசல் இயந்திரம்தான் பல நேரம் கரை சேர்க்கிறது. இம்முறை வந்த கடிதங்களுள் இயந்திரம், மின்சாரம் பற்றியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது 32 அடிப் பாய்மரப் படகு. இரண்டு சிலிண்டர் கொண்ட யான்மார் 2ஜிஎம்20 இயந்திரம் பொருத்தியது. அமைதியான கடலில் மணிக்கணக்கில் பழுதின்றி ஓடும். சென்ற மாதம் பினாங்கிலிருந்து திரும்பும்போது, பாயார் தீவுக்கு அருகே பெருங்காற்றில் சிக்கி, பாயை இறக்கிவிட்டு இயந்திரத்தை ஓட்டினேன். அரை மணி நேரத்தில் அதன் வேகம் ஏறி இறங்கி, மூச்சு முட்டியதுபோல் நின்றுவிட்டது. நங்கூரமிட்டு இரண்டு மணி நேரம் கழித்து முடுக்கினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. கரை சேருமுன் மறுபடியும் நின்றது. இன்ஜெக்ஷன் பம்பை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். மாற்றலாமா? — வாசகர், லங்காவி

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். சிலிண்டருக்கு டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்ப் தேய்ந்திருந்தால் அமைதியான கடலிலும் அது தொல்லை தந்திருக்கும். குழாயில் காற்று புகுந்திருந்தால், நீங்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்ததால் மட்டும் அது தானாக வெளியேறியிருக்காது. படகு ஆடும்போது நின்று, அசையாமல் கிடந்தபின் ஓடுகிறது என்றால், ஆடும்போது கலங்கி, அமைதியில் படிகிற ஏதோ ஒன்று உங்கள் டீசல் தொட்டிக்குள் இருக்கிறது என்று பொருள்.

அது என்னவென்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் இரவுக் குளிரில் நீராவி வியர்த்து இறங்குகிறது. டீசலைவிடக் கனமான நீர் அடியில் தங்குகிறது. டீசலும் நீரும் சந்திக்கும் அந்த மெல்லிய பரப்பில் பூஞ்சையும் நுண்ணுயிரிகளும் வாழத் தொடங்குகின்றன. அவை விட்டுச்செல்லும் கறுத்த, வழுவழுப்பான கசடைக் கையில் எடுத்தால் ஊறிய பாசிபோல் விரலுக்கிடையில் வழுக்கும். உங்கள் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. லங்காவியில் 2020இல் செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கும் எரிபொருள் 20 சதவீதம் கலந்த பி20 டீசல் அறிமுகமானது. இத்தகைய கலவை சாதாரண டீசலைவிட எளிதில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழைய தொட்டிச் சுவரில் ஆண்டுக்கணக்காக ஒட்டியிருந்த படிவையும் கரைத்து உதிர்த்துவிடும். பழைய ரப்பர்க் குழாய்கள் இதனால் மெத்தென்று ஆகின்றனவா என்பதையும் அழுத்திப் பாருங்கள்.

எதையும் மாற்றுமுன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். அடுத்த முறை வேகம் குறையும்போது, டீசல் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்துவிடுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு இயந்திரம் சீராகிவிட்டால், தொட்டியின் காற்றுக் குழாய் அடைபட்டிருக்கிறது. குளவி கூடு கட்டி அடைத்ததை நானே கண்டிருக்கிறேன். அது இல்லையென்றால், நீர் பிரிக்கும் முதல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் டார்ச் அடித்து அடியில் நீரோ கறுப்புத் துகளோ நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது சோதனைதான் தீர்ப்புச் சொல்லும். ஐந்து லிட்டர் கேனில் புதிய டீசலை எடுத்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கு வரும் குழாயைத் தொட்டியிலிருந்து பிரித்து அந்தக் கேனுக்குள் விட்டு, திரும்பி வரும் குழாயையும் அதிலேயே சேர்த்து, சுமை கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் ஃபீட் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று அந்த ஒரு மணி நேரமே சாட்சி. குற்றம் தொட்டிப் பக்கத்தில்தான். தொட்டிக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் நுனியில் சில படகுகளில் மெல்லிய வலை ஒன்று இருக்கும். கசடு அதில் ஒட்டி அடைக்கும். இயந்திரம் நின்று உறிஞ்சுதல் ஓய்ந்ததும் உதிர்ந்துவிடும். உங்கள் படகின் நடத்தை அதனோடு அப்படியே பொருந்துகிறது. வலையை எடுத்துவிட்டு, வடிகட்டும் வேலையைக் கைக்கெட்டும் இடத்தில் உள்ள வடிகட்டியிடமே விட்டுவிடுங்கள்.

தொட்டியைக் கழுவியபின் குழாயில் காற்று நின்றுவிடும். அதை வெளியேற்றுவதைப் பட்டறையில் ‘ஏர் எடுப்பது’ என்போம். இயந்திரத்தின் மேலுள்ள இரண்டாம் வடிகட்டியின் தலைத்திருகைச் சற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைநெம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை கக்கும். பிறகு குமிழி கலந்த டீசல் வரும். கடைசியில் குமிழியற்ற தெளிந்த டீசல் வழியும்போது, நெம்பை நிறுத்தாமலே திருகை இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகில் இதையே செய்து, இறுதியில் இன்ஜெக்டர்க் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரால் சுற்றி, டீசல் விட்டுவிட்டுத் தெறிப்பதைக் கண்டபின் இறுக்கலாம். கைநெம்பு தொய்ந்து, எவ்வளவு அடித்தாலும் டீசல் ஏறவில்லையென்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று கலங்காதீர்கள். அதைத் தள்ளும் கேம் என்ற முட்டைவடிவச் சக்கரம் உச்சியில் நிற்கிறது, அவ்வளவுதான். இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் நெம்புக்கு உயிர் வந்துவிடும். ஏர் எடுத்தும் மறுநாள் மீண்டும் காற்று பிடித்தால், துளையுள்ள போல்ட்டுகளின் இருபுறமும் இருக்கும் செம்பு வாஷர்களைப் புதிதாக மாற்றுங்கள். டீசல் கசியாத இடைவெளியிலும் காற்று நுழைந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. முடுக்கியும் பிடிக்காத இயந்திரத்தைத் தொடர்ந்து சுற்ற வேண்டியிருந்தால், கடல்நீர் உள்ளே வரும் வால்வை முதலில் மூடிவிடுங்கள். இயந்திரம் ஓடாவிட்டாலும், சுற்றும்போதெல்லாம் நீர்ப்பம்ப் கடல்நீரை இழுத்துப் புகைக்குழாயில் கொட்டுகிறது; அதை வெளியே தள்ளுவதற்குப் புகையின் அழுத்தம் இல்லை. நீர் மஃப்ளரில் நிறைந்து, பின்னோக்கி ஏறி, சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பல ஆண்டுகளுக்கு முன், அவசரத்தில் நானே வால்வை மூடாமல் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றினேன். பிறகு ஸ்டார்ட்டர் சுவரில் மோதியதுபோல் நின்றது. இன்ஜெக்டரைக் கழற்றிச் சுற்றியபோது, அந்தத் துளையிலிருந்து கடல்நீர் பீறிட்டுத் தலைக்கு மேலிருந்த பலகையில் அடித்தது. அன்று இரவே எண்ணெயை மூன்று முறை மாற்றி ஓட்டியதால்தான் அந்த இயந்திரம் பிழைத்தது. இயந்திரம் பிடித்த கணமே வால்வைத் திறக்க மறந்துவிடாதிருக்க, சாவியை அந்த வால்வின் கைப்பிடியில் தொங்கவிடுவது என் வழக்கம்.

கேள்வி: சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்கிறது, ஐந்தாறு முறை அழுத்தினால் ஒரு முறை சுற்றும். புதிய பேட்டரி போட்டேன். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றினேன். நோய் அப்படியே இருக்கிறது. அடுத்து எதை மாற்றுவது? — வாசகர், கிள்ளான் துறைமுகம்

பதில்: இனி எதையும் மாற்ற வேண்டாம், அளக்க வேண்டும். நல்ல பேட்டரியும் நல்ல மோட்டாரும் உங்களிடம் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவேயுள்ள வழியில் எங்கோ மின்சாரம் தட்டுப்படுகிறது. அந்த இடத்தை ஒரு சாதாரண மல்டிமீட்டர் கால் மணி நேரத்தில் காட்டிக்கொடுக்கும்.

ஓய்ந்திருக்கும் ஈய பேட்டரி முழுமையாக நிறைந்திருந்தால் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. உங்களுடையது நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நேர்முனை ஈயத்தின் மேலேயே வையுங்கள்; அதைக் கவ்வியிருக்கும் லக்கின் (கேபிள் நுனியிலுள்ள உலோகப் பிடி) மேல் வைத்தால் அந்த இணைப்பின் குறை தெரியாது. மறுமுள்ளை ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். இப்போது மற்றவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லி, அந்த நொடியில் மீட்டர் காட்டுவதைப் படியுங்கள். வழி சுத்தமாக இருந்தால் எண் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால், அந்த நீளத்துக்குள் கேபிளோ லக்கோ பேட்டரி சுவிட்சோ மின்னழுத்தத்தைத் தின்கிறது. பிறகு எதிர்முனை ஈயத்துக்கும் இயந்திரத்தின் வெற்று இரும்புக்கும் இடையே இதையே செய்யுங்கள். இந்த எதிர்ப்பக்கத்தைத்தான் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு வண்ணம் பூசியவர் எர்த் போல்ட்டின் அடியிலும் பூசிவிட்டுப் போயிருப்பார். மின்சாரம் அந்த வண்ணத்தைத் தாண்டித்தான் திரும்பி வர வேண்டும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் மோட்டார் சுற்றவில்லையென்றால், குறை மெல்லிய வயரில் இருக்கிறது. ஜிஎம் வரிசை யான்மார்களில் இது தெரிந்த தொல்லைதான். ஸ்டார்ட்டருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்சான சோலனாய்டை இழுக்கும் மின்சாரம் இயந்திரத்திலிருந்து படகின் பின்னே உள்ள பலகைக்குப் போய், சாவியைக் கடந்து, பொத்தானைக் கடந்து, பலமுனைச் செருகி வழியே திரும்பி வருகிறது. புதிதாக இருக்கும்போது அந்த நீண்ட பாதை பொருட்டில்லை. உப்புக்காற்றில் பதினைந்து ஆண்டுகள் கழிந்து ஒவ்வொரு செருகியும் சிறிது சிறிதாகத் தின்னத் தொடங்கினால், 12 வோல்ட்டில் ஒன்பதுகூடச் சோலனாய்டுக்குச் சேராது. அதற்கு அசையத் தெரியும். இறுக்கிப் பிடிக்கத் தெரியாது. நீங்கள் கேட்கும் ‘டக்’ அதுதான். செருகிகளைச் சுத்தப்படுத்துவது தற்காலிக மருந்து. ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே, சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு ரிலேவை வைத்து, பழைய மெல்லிய வயர் அந்த ரிலேவை மட்டும் இழுக்கட்டும். சோலனாய்டுக்கு வேண்டிய மின்சாரம் ஸ்டார்ட்டர் போல்ட்டிலிருந்து ஃப்யூஸ் வழியாகக் குறுகிய தடித்த வயரில் போகட்டும். இரண்டு மணி நேர வேலை. ஒரு மோட்டாரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது.

மீட்டரும் ஏமாற்றும் ஓரிடம் உண்டு. முப்பது இழை கொண்ட வயரில் இருபத்தொன்பது அறுந்து ஒரே இழை மிஞ்சியிருந்தாலும், சுமையில்லாத நிலையில் மீட்டர் 12 வோல்ட் என்றே சொல்லும். ஆகவே கார் பிரேக் விளக்கு பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 21 வாட் பல்பு பளிச்சென்று எரிந்தால் வழி நல்ல வழி. செந்நிறமாக மங்கினால் மீட்டர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

வயரை வெட்டிப் பார்த்தால் செம்பு பச்சைக் களிம்பு பிடித்தோ கன்னங்கரேலென்றோ இருக்கும். உறையின் உள்ளேயே அது ஒரு முழம்வரை ஊர்ந்திருக்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டித் தள்ளுங்கள். மிஞ்சிய நீளம் போதவில்லையென்றால் முழு வயரையும் வெள்ளீயம் பூசிய செம்பு வயராக மாற்றுங்கள். லக்கை உரிய கருவியால் நசுக்கிப் பிடித்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். பற்றவைப்பை மட்டுமே நம்பிய இணைப்பு, பற்று முடியும் இடத்தில் விறைத்து, இயந்திர அதிர்வில் அங்கேயே ஒடிந்துவிடும்.

கேள்வி: இயந்திர அறைக்கு வண்ணம் பூசி முடித்தபின் இயந்திரம் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. புகைகூட வரவில்லை. — வாசகர், லுமுட்

பதில்: புகை வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. இயந்திரத்தை நிறுத்தும் கேபிளின் கைப்பிடி வெளியே இழுத்த நிலையில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே தள்ளியிருந்தால், இயந்திரத்தின் மேலுள்ள அதன் நெம்பு வண்ணத்தில் ஒட்டிக்கொண்டதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

கேள்வி: திருகோணமலைக்கு வந்து தங்கும் வெளிநாட்டுப் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒரு படகில் பத்து நிமிடம் ஓடியதும் வெப்ப எச்சரிக்கை அலறுகிறது. எங்கே தொடங்குவது? — வாசகர், திருகோணமலை

பதில்: படகின் பின்புறம் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். புகையோடு நீர் விட்டுவிட்டு நன்றாகக் கொட்டினால் கடல்நீர் வருகிறது. அப்படியென்றால் நன்னீர் மட்டம், தெர்மோஸ்டாட், பெல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். நீர் குறைவாகவோ இல்லாமலோ இருந்தால், வால்வு, அதன் வாயில் ஒட்டிய பிளாஸ்டிக் பை, வடிகூடை, நீர்ப்பம்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரமான ரப்பர் இம்பெல்லர் என்ற வரிசையில் போங்கள். இம்பெல்லரில் ஆறு இதழ் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருக்கிறதென்றால், புதியதைப் போட்டுவிட்டு மூடிவிடாதீர்கள். காணாமற்போன இரண்டு துண்டுகளும் குழாயிலோ வெப்பமாற்றியின் வாயிலோ கிடக்கின்றன. அவற்றைக் கண்டெடுத்து, பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்தபின்தான் வேலை முடிந்தது. எல்லாம் சரியாக இருந்தும் நீர் குறைந்தால், கடல்நீரும் புகையும் கலக்கும் முழங்கைக் குழாயைக் கழற்றுங்கள். கரியும் துருவும் சேர்ந்து, சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு அது அடைத்திருக்கும்.

கேள்வி: ஈய பேட்டரிகளை எடுத்துவிட்டு 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி போட்டேன். இரண்டே மாதத்தில் ஆல்டர்னேட்டர் கருகிய வாடையோடு செத்துவிட்டது. பேட்டரி குறையுள்ளதா? — வாசகர், சிங்கப்பூர்

பதில்: பேட்டரி நன்றாக இருந்ததால்தான், இயந்திரத்தால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் செத்தது. ஈய பேட்டரி நிறைய நிறையத் தானே குறைவாக வாங்கிக்கொள்ளும். அதனால் ஆல்டர்னேட்டருக்கு ஓய்வு கிடைக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் உள்மின்தடை மிகக் குறைவு. ஏறத்தாழ நிறையும்வரை, கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டரின் மேல் 55 ஆம்பியர் என்று பொறித்திருந்தாலும், மூடிய சூடான அறையில், மெதுவாக ஓடும் இயந்திரத்தில், விசிறியும் மெதுவாகச் சுழல, அது மணிக்கணக்கில் முழுச்சுமை தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. இன்னோர் ஆபத்தும் உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் காவல் மின்சுற்று ஏதேனும் காரணத்தால் இணைப்பைத் துண்டித்தால், அந்த நொடியில் மின்னழுத்தம் துள்ளி எழுந்து, ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் அதே கம்பியிலுள்ள கருவிகளையும் எரித்துவிடும். இயந்திரம் ஓடும்போது பழைய ‘1–2–இரண்டும்’ பேட்டரி சுவிட்சை ‘நிறுத்து’ என்ற இடத்துக்குத் திருப்பினாலும் இதுவே நேரும்.

எனவே ஆல்டர்னேட்டரை, இயந்திரத்தை முடுக்கும் ஈய பேட்டரியோடு நேராக இணையுங்கள். அதிலிருந்து லித்தியத்துக்கு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியே மட்டும் மின்சாரம் போகட்டும். சார்ஜ் ஏற நேரம் கூடும். ஆனால் லித்தியம் துண்டித்துக்கொண்டாலும் ஆல்டர்னேட்டருக்கு ஈய பேட்டரி என்ற மெத்தை இருக்கும். வேகமாக ஏற வேண்டுமென்றால், வெப்பத்தை அளந்து தானே குறைத்துக்கொள்ளும் வெளி ரெகுலேட்டரும் பெரிய ஆல்டர்னேட்டரும் வேண்டும், அது பெருஞ்செலவு.

கேள்வி: மற்ற உலோகங்கள் அரிக்காமல் தான் கரைவதற்காகச் சுழலித் தண்டில் மாட்டிய துத்தநாகக் கட்டி முன்பு ஓராண்டு வந்தது. மரினாவில் கரை மின்சாரம் எடுக்கத் தொடங்கியபின் இரண்டு மாதத்தில் கரைந்துவிடுகிறது. எர்த் வயரைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார்கள். — வாசகர், பினாங்கு

பதில்: அப்படிச் சொல்பவரின் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள். அந்தப் பச்சை-மஞ்சள் வயரைக் கழற்றினால் துத்தநாகம் மிஞ்சும். ஆனால் படகில் 240 வோல்ட் கசியும் நாளில், கைப்பிடிக் கம்பியைத் தொடுகிறவரோ அருகில் நீந்துகிறவரோ உயிரிழக்கக்கூடும். நடப்பது இதுதான்: எர்த் வயர் வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகுகளும் ஒன்றாகக் கட்டப்பட்டு, கடல்நீரோடு சேர்ந்து ஒரு பெரிய பேட்டரி ஆகிவிடுகின்றன; உங்கள் துத்தநாகம் அவர்களுடைய உலோகத்துக்கும் சேர்த்துக் கரைகிறது. எர்த் வயரில் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற கருவியைத் தொடராக இணைத்தால், இந்தச் சிறு நேர்மின்னோட்டத்தை அது தடுத்து, ஆபத்தான கசிவு மின்சாரத்துக்கு மட்டும் வழிவிடும். கரை இணைப்பைப் பிடுங்கிவைத்த மாதத்திலும் கட்டி அதே வேகத்தில் கரைந்தால், பில்ஜ் என்ற படகின் அடிப்பள்ளத்து நீரில் கிடக்கும் பம்ப் வயரின் இணைப்பைத் தேடுங்கள். 12 வோல்ட் நேராகக் கசிந்தால் சில நாள்களிலேயே வெண்கலப் பொருத்துகளைத் தின்றுவிடும்.

கேள்வி: அடுத்த ஆண்டு தனியாக லங்காவியிலிருந்து போர்ட் பிளேருக்குப் பாய் விரிக்க எண்ணம். நான் மெக்கானிக் இல்லை. கருவிகளாகவும் உதிரிகளாகவும் எவற்றைக் கொண்டுபோவது? — வாசகர், கெடா

பதில்: இரண்டு இம்பெல்லர், அதன் மூடியின் காகித கேஸ்கெட், இரு வடிகட்டிகளுக்கும் நான்கு நான்கு உதிரி, ஒரு பெல்ட், கைநிறையச் செம்பு வாஷர், ஐந்து மீட்டர் டீசல் குழாய், சுத்தமான டீசல் கேன், மல்டிமீட்டர், மேலே சொன்ன பல்பு ஆகியவை போதும். கருவி குறைந்தாலும் வழி உண்டு. பம்பாயில் தேக்கில் கட்டிய சுஹைலி என்ற படகில், 1968–69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியொருவராக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சிறு இயந்திரத்தின் தொடுமுனை இடைவெளியைச் சரிசெய்ய அவரிடம் தகட்டு அளவி இல்லை. ஒரு புத்தகத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தாள் என்று எண்ணி, ஒரு தாளின் கனத்தைக் கணக்கிட்டு, அந்தத் தாள்களையே இடைவெளியில் வைத்து அளந்தார். இயந்திரத்தின் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்ததால் அந்தக் காகிதம் கருவியாயிற்று.

எனவே புறப்படுமுன் மரினாவிலேயே, வேண்டுமென்றே குழாயைக் கழற்றிக் காற்றை உள்ளே விட்டு, நீங்களே ஏர் எடுத்துப் பாருங்கள். ஒரு முறை பகலில் செய்யுங்கள். மறுமுறை இரவில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு செய்யுங்கள். எந்தத் திருகுக்கு எந்த ஸ்பேனர் என்று இயந்திர மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். தளர்த்த வேண்டிய திருகுகளின் தலையில் மட்டும் வெள்ளை வண்ணம் ஒரு பொட்டு வையுங்கள். ஆடும் படகில், எண்ணெய் படிந்த இருட்டில், விரலுக்கு முன் கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.